மரத்தின் பெயரைக் கேட்ட இளைஞன்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்த என்னைக் கோவில் வாசலில் ஒரு தாயார் மறித்தார். அவருடைய மகள் இலண்டனிலே பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த நேரம் அது. மகள் அனுப்பிய படம் ஒன்று தாயாரின் கைத்தொலைபேசியில் இருந்தது. மஞ்சள் மயிர்; இளம் முகம்; ஒரு தாதி.

"பாத்தீங்களே சுவாமி? ஏழு பாலகரைக் கொண்டவளாம். இவளைத் தூக்கில போடாமல் என்னத்துக்கு இன்னும் வைச்சிருக்கினம்?"

என்ன மறுமொழி சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று ஏதோ சொல்லியிருப்பேன். குருமார் அவசரத்தில் சொல்லும் மறுமொழி அதுதானே.

அந்தப் படத்திலிருந்தவர் லூசி லெட்பி. இங்கிலாந்தின் செஸ்ரர் நகர வைத்தியசாலையிலே, குறைமாதத்தில் பிறந்தவர்களும் நோயுற்றவர்களுமான சிசுக்களைப் பராமரிக்கும் பிரிவில் பணிபுரிந்தவர். 2015 ஜூன் முதல் 2016 ஜூன் வரையான காலத்தில் அங்கே நிகழ்ந்த மரணங்கள் தொடர்பாக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2022 ஒக்ரோபரில் மன்செஸ்ரர் நீதிமன்றத்தில் தொடங்கிய அவ்வழக்கு பத்து மாதங்கள் நடந்தது. ஏழு குழந்தைகளைக் கொன்றார், வேறு ஆறு குழந்தைகளைக் கொல்ல எத்தனித்தார் என்று ஜூரிமார் தீர்த்தனர். உயிருள்ளவரை வெளிவர முடியாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை வாசிக்கப்பட்ட அன்று அவர் நீதிமன்றத்துக்கு வர மறுத்துவிட்டார். அது மக்களின் சினத்தை இன்னும் மூட்டியது. 2024 ஜூலையில் மற்றொரு குழந்தையைக் கொல்ல முயன்ற குற்றத்துக்கும் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதே ஆண்டில் மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்ட மனுக்கள் இரண்டும் மறுக்கப்பட்டன.

அதன் பின்னர் காற்றுத் திசைமாறி வீசத் தொடங்கியது. 2025 பெப்ரவரியில், கனடாவைச் சேர்ந்த சிசு வைத்திய நிபுணர் ஷூ லீயின் தலைமையில் பதினான்கு நிபுணர்கள் மருத்துவ ஏடுகளைத் தாம் ஆராய்ந்ததாகவும், கொலைக்கு எவ்விதச் சான்றையும் காணவில்லை என்றும், இயற்கையான காரணங்களாலோ குறைபாடுள்ள சிகிச்சையாலோதான் அச்சிசுக்கள் மரித்தன என்றும் அறிவித்தனர். உடனே என்ன நடந்தது? முன்னர் "அரக்கி" என்றவர்களிற் பலர் "ஐயோ பாவம், அப்பாவிப் பிள்ளை" என்றார்கள். முன்னர் வைத்தியர்களைப் புகழ்ந்த வாய்கள் அவ்வைத்தியர்களைச் சபித்தன. அன்று தாதியின் முகத்தைப் பார்த்துக் "கொலைகாரியின் கண்" என்றார்கள், அதே முகத்தைப் பார்த்து "இந்த முகமா கொலை செய்யும்?" என்றார்கள்.

அன்பான வாசகரே, லூசி லெட்பி குற்றவாளியா, நிரபராதியா என்று தீர்ப்புக் கூறுவது இப்பத்தியின் வேலையன்று. தீர்ப்புக் கூறுவதில் நாம் இவ்வளவு ஆசைப்படுவது ஏன் என்பதே என் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாயாரின் கோபத்தை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஓர் இறாத்தல், இரண்டு இறாத்தல் நிறையுள்ள சிசுவுக்கு அழுவதற்குக்கூடப் பலமில்லை. பெற்றவளாலே அள்ளி அணைக்க இயலாது. பெட்டியின் துவாரத்தினூடாக விரலை நீட்டித் தொடலாம், அவ்வளவே. மற்ற எல்லாவற்றையும் அவள் ஒரு தாதியின் கையிலே ஒப்படைத்துவிட்டு உறங்கப் போகிறாள். அந்தக் கையே கொன்றது என்று கேள்விப்பட்டுக் கொதிக்காத நெஞ்சு நெஞ்சாகாது. ஏரோது வாளெடுத்த மாசில்லாக் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் திருநாள் கொண்டாடும் திருச்சபை, அக்கொதிப்பை அறியாததன்று.

அப்படிப்பட்ட கைகள் உலகில் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1991இல் அதே இங்கிலாந்திலே, கிரந்தம் நகர வைத்தியசாலையில் பெவர்லி அலிட் என்ற தாதி நான்கு பிள்ளைகளைக் கொன்றார், 1993இல் தண்டிக்கப்பட்டார். ஆகையால் ஒரு வைத்தியர் தம் பிரிவிலே ஏதோ பிழை நடக்கிறது என்று ஐயுற்றால், அதை உரிய இடத்தில் சொல்வது அவருக்குக் கடமை. மூடி மறைப்பதுதான் பாவம். செஸ்ரர் வைத்தியர்களும் தமக்கு ஐயம் எழுந்தபோது நிருவாகத்தாரிடம் முறையிட்டார்கள். ஐயுறுவது வேறு. அந்த ஐயத்தைத் தீர்ப்பாக்கிச் சந்தியில் வைத்துக் கல்லெறிவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம்.

பத்துக் கற்பனைகளில் எட்டாவதைப் பொய்ச்சாட்சியோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டேன். பொய் சொன்னேன், கோபித்தேன், பூசை தவறினேன் என்று சொல்வார்கள். முன்பின் கண்டறியாத ஒருவரைத் தக்க ஆதாரமின்றி மனத்திலே குற்றவாளியாக்கினேன் என்று அறிக்கையிட்ட ஒருவரை நான் சந்தித்ததில்லை. அதுவும் அந்தக் கற்பனைக்கு மாறான பாவமே என்று திருச்சபை போதிக்கிறது. அர்ச். தோமஸ் அக்குவீனாஸ் இதைப்பற்றி எழுதும்போது, கெட்டவனை நல்லவன் என்றெண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவனைக் கெட்டவன் என்றெண்ணி ஒருமுறை தவறுவதிலும் மேல் என்ற கருத்தைச் சொல்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது, மனிதர் உலகம் தெரியாமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அவர் உலகத்தை நன்றாகவே அறிந்திருந்தார் என்பதை ஒல்லாந்து நாட்டுக் கதை ஒன்று எனக்குப் பின்னர் புரியவைத்தது.

2001 செப்ரெம்பர் 4ஆம் நாள், ஹேக் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலை ஒன்றிலே ஒரு பெண்குழந்தை இறந்தது. முதலில் இயற்கை மரணம் என்றே கருதினார்கள். பின்னர் லூசியா டி பெர்க் என்ற தாதியின் மீது சந்தேகம் விழுந்தது. அவர் கடமையிலிருந்த வேளைகளில் மரணங்களும் மயக்கங்களும் மிகுதியாக நேர்ந்தன என்று கணக்கெடுத்தார்கள். அது தற்செயலாக நேர்வதற்குரிய வாய்ப்பு 34 கோடியே 20 இலட்சத்தில் ஒன்று என்று நீதிமன்றத்திலே சொல்லப்பட்டது. அப்படியொரு எண்ணைக் கேட்ட பிறகு யார்தான் சந்தேகிப்பார்? 2003இல் ஆயுட் சிறை விதிக்கப்பட்டது. 2004இல் மேல் நீதிமன்றம் ஏழு கொலைகள், மூன்று கொலை முயற்சிகள் என்று குற்றத்தைப் பெருப்பித்தது.

அவருடைய முன்வாழ்வும் தோண்டப்பட்டது. இளவயதிலே தவறான வழியிற் போனவர். கல்விச் சான்றிதழிலே பொய் செய்தவர். இவை உண்மைதான். நாட்குறிப்பிலே, வயோதிப நோயாளி ஒருவர் இறந்த நாளில், தம்மை மீறிய ஓர் உந்துதலுக்கு இணங்கிவிட்டதாக எழுதியிருந்தார். சீட்டு வைத்துக் குறி பார்க்கும் பழக்கத்தையே அப்படி எழுதினேன் என்று அவர் சொன்னதை நீதிபதிகள் ஏற்கவில்லை. கெட்டுப்போனவள், பொய்க்காரி, குறி பார்ப்பவள். இனிச் சாட்சி எதற்கு?

தானியேல் ஆகமத்திலே வரும் சூசன்னாவை நினைத்துப் பாருங்கள். அவளோ ஒழுக்கம் மிகுந்தவள். ஆனாலும் சபை அவள்மேல் சாட்டிய குற்றத்தை நம்பிவிட்டது. ஏன்? குற்றஞ்சாட்டியவர்கள் மக்களின் மூப்பர்கள், நீதிபதிகள். அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சபை எண்ணியது. அந்தச் சபையிலிருந்தவர்கள் துட்டர்கள் என்று ஆகமம் சொல்லவில்லை. கோவிலுக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர், நம்மைப் போன்றவர்கள். அவளைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஓர் இளைஞன் குரலெழுப்பினான். அவன் செய்த அற்புதம்தான் என்ன? வானத்திலிருந்து அக்கினியை இறக்கவில்லை. இரு மூப்பரையும் வெவ்வேறாகப் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் கீழே கண்டீர்கள் என்று விசாரித்தான். அவ்வளவுதான். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார்.

சூசன்னாவின் மூப்பர்கள் அறிந்தே பொய் சொன்னவர்கள். ஹேக் நகரத்து வைத்தியர்களை அப்படிச் சொல்ல முடியாது. தாம் நம்பியதைத்தான் சொன்னார்கள். ஆனால் அங்கேயும் மரத்தின் பெயரைக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் மெத்தா டி நோ என்ற வைத்தியர். முதலில் சந்தேகத்தை எழுப்பிய அந்த வைத்தியசாலையின் பிரதான சிறுவர் வைத்தியர் அவருக்கு மைத்துனி முறை. குடும்பத்துக்குள்ளே எத்தனை கசப்பு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவரும், தத்துவப் பேராசிரியரான அவருடைய சகோதரர் தோன் டெர்க்சனும் ஏடுகளை எடுத்து ஆராய்ந்தனர். கேட்ட கேள்விகள் எளியவை. இந்தத் தாதி வருவதற்கு முன்னர் அப்பிரிவில் எத்தனை பிள்ளைகள் இறந்தார்கள்? முந்திய மூன்று ஆண்டுகளில் ஏழு. அவர் இருந்த மூன்று ஆண்டுகளில் ஆறு! கொலைகாரி வந்த பின்னர் மரணம் குறைந்ததா? ஒரு மரணத்தைச் "சந்தேகத்துக்குரியது" என்று எழுதியவர்கள், அந்த வேளையில் யார் கடமையிலிருந்தார் என்பதை அறிந்த பின்னரா எழுதினார்கள்? குழந்தையின் உடலிற் காணப்பட்டதாகச் சொன்ன மருந்து உண்மையில் நஞ்சாகும் அளவில் இருந்ததா? ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க 34 கோடி என்ற மலை கரைந்தது. கணிதப் பேராசிரியர் றிச்சர்ட் கில் போன்றோர் அந்தக் கணக்கே தவறு என்று காட்டினர்.

2008இல் வழக்கை மறுபடி திறக்க உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2010 ஏப்ரில் 14ஆம் நாள் லூசியா டி பெர்க் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். அதற்குள் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலே கழிந்திருந்தன. 2006இல் பக்கவாதமும் அவரைத் தாக்கியிருந்தது. அந்நாட்டில் தூக்குமரம் இருந்திருந்தால், 2010இல் விடுவிப்பதற்கு ஆளே இருந்திருக்காது. மரணதண்டனை ஏற்கத்தகாதது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியபோது முணுமுணுத்த நம்மவர்கள் இதையும் சற்றே எண்ணலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1981இல் கனடாவின் ரொறன்ரோ நகரச் சிறுவர் வைத்தியசாலைத் தாதி சூசன் நெல்ஸ் நான்கு சிசுக்களைக் கொன்றார் என்று கைதானார். பொலிசார் கேள்வி கேட்க வந்தபோது அவர் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டார். அதுவே அவருக்கு எதிரான ஐயத்தை வளர்த்தது. மறு ஆண்டிலே, வழக்கு விசாரணைக்கு வேண்டிய சான்று இல்லை என்று நீதிபதி அவரை விடுவித்தார். சட்டத்தரணியைக் கேட்டால் குற்றவாளி. அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி, அழுதால் நடிப்பு. லெட்பியின் வீட்டிலே கிடைத்த காகிதத் துண்டில் தம்மைத் தாமே பழித்த வரிகளும் இருந்தன, தாம் ஒன்றும் செய்யவில்லை என்ற வரிகளும் இருந்தன. யார் எதை நம்பினார்களோ அந்த வரியை மட்டும் வாசித்தார்கள்.

பத்திரிகைக்காரனாகிய எனக்கும் இதிலே பங்கு உண்டு. 2023இல் இந்தச் செய்தியைச் சிறு குறிப்பாக எழுதியபோது "அரக்கி" என்ற சொல்லை நானும் போட்டேன். அச்சுப்படி திருத்தும் தம்பி பேனாவைப் பிடித்தபடியே, "சுவாமி, இந்தச் சொல்லு வேணுமே?" என்றான். இடம் காணாது, வெட்டிவிடு என்றேன். இடம் தாராளமாக இருந்தது.

ஆனால் இவ்வளவையும் எழுதும்போது ஓர் அச்சம் என்னை விடவில்லை. தாதிக்காக வாதாடுவோர் கூட்டத்திலும் சரி, தாதியைத் தூற்றுவோர் கூட்டத்திலும் சரி, குழந்தைகளைக் காணோம். நீதிமன்றக் கட்டளைப்படி செஸ்ரர்ச் சிசுக்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளாலேயே குறிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு உண்மையில் பெயர்கள் இருந்தன. பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளை நோயினால் இறந்தது என்று முதலில் அழுதார்கள். இல்லை, கொல்லப்பட்டது என்று சொன்னபோது மறுபடி அழுதார்கள். இல்லையில்லை, கொலையே நடக்கவில்லை என்று முன்பின் தெரியாதவர்கள் உலகெங்கும் உரக்கப் பேசும்போது, மூன்றாம் முறையாகப் புதைகுழி தோண்டப்படுகிறது. உண்மையைத் தேடத்தான் வேண்டும்; தேடாவிட்டால் அந்தப் பெற்றோருக்கும் நீதியில்லை, சிறையிலிருப்பவருக்கும் நீதியில்லை. ஆனால் தேடுவோர் காலணியைக் கழற்றிவிட்டு நடக்கவேண்டிய நிலம் அது. மெத்தா டி நோ ஏடுகளைப் படித்தார்; நமக்கோ தேநீர் குடிக்கும் நேரம் போதுமாக இருக்கிறது.

அந்தத் தாயார் 2025 தவக்காலத்தில் மறுபடி வந்தார். இலண்டனில் பிறந்த பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதாம். ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார். பேரப்பிள்ளைக்கோ என்று கேட்டு, பூசைக் கருத்து எழுதும் கொப்பியைத் திறந்தேன்.

"இல்லைச் சுவாமி, அந்தச் செஸ்ரர்ப் பிள்ளையளுக்கு."

"பேர் தெரியாதே அம்மா."

"பேர் தெரியாட்டில் என்ன, எழுதுங்கோ."

எழுதினேன். காசைத் தந்துவிட்டுப் படியிறங்கியவர் திரும்பி வந்தார். "சுவாமி, அந்தத் தாதியின்ரை பேரையும் அதிலை போடலாமே? செய்தாவோ செய்யேல்லையோ..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். நான் கொப்பியை மறுபடி திறந்தேன்.