மருத்துவர் கடன் யாது?

பேராதனையில் 1962இல் நிறுவப்பெற்ற மருத்துவபீடத்திலே கற்றுத் தேறி, கண்டி வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி பெறும் இளைஞர், இராக்கடமை முடிந்ததும் பிரித்தானியாவின் ‘பிளாப்’ தேர்வு நூலை விரிக்கின்றார். அத்தேர்வின் முதற்பகுதியைக் கொழும்பிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் செல்லல் வேண்டும். இம்முயற்சி அறத்திற்கு மாறானதா?

மாறானதே என்போர் இலவசக் கல்வியைச் சுட்டுவர். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த அக்கல்வியை நெடுங்காலம் தாங்கியது ஏற்றுமதி வருமானம். அதன் பெரும்பங்கு தேயிலை. கண்டிச் சீமையின் லூல்கந்துரையில் 1867இல் வணிகப் பயிராகத் தொடங்கிய அத்தேயிலையின் கொழுந்தைக் கிள்ளியோருட் பலர், தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயிலிற் கண்டதில்லை.

மறுப்போர் கூற்றும் புறந்தள்ளற்பாலதன்று. 1983இல் உயிரஞ்சி அகன்றவரிடமும், 2022இன் நெருக்கடியில் ஊதியம் தேய, போதிய மருந்தின்றி நோயாளர் முன் நின்றவரிடமும் அரசு எந்த முகத்தோடு கடன் கேட்கும்?

ஆயின், கடன் தந்தது அரசு மட்டுமன்று. கொழுந்து கிள்ளிய தாய் எம்முறியிலும் எவரிடமும் ஒப்பம் பெற்றிலள். தோட்ட வைத்திய உதவியாளரையே நம்பி லயத்தில் வாழும் அவள், அக்கடனைக் கேட்கப் போவதுமில்லை. அரசின் தவறுகள் அரசுக்குரிய கடனைத் தள்ளுபடி செய்யக்கூடும்; அவளுக்குரியதை அவை எவ்வாறு தள்ளுபடி செய்யும்?

எனவே, செல்வது குற்றமன்று. எவர்க்கும் கடன்படாதவர்போற் செல்வதே குற்றம். கடனை உணர்ந்தவர், எங்கிருப்பினும் அதனை இறுக்கும் வழியைத் தாமே தேடுவர். தேர்வு நூலை விரிக்குமுன் நாம் விடையிறுக்க வேண்டிய முதல் வினா இதுவேயாம்.