வழியில் தண்ணீர் இருக்கிறது

ஒரு கிலோ உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 800 கிராம் தண்ணீர். மூன்று நாள் மலையேற்றத்துக்கு நாலு பேர் சமையலுக்கென்று பச்சைக் கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், தோள் வலிப்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தண்ணீரால்தான். காயவைத்துவிட்டால் ஒரு கிலோ கிழங்கு 200 கிராம் அளவுக்கு வந்துவிடும்.

பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வேட்டி விரித்து வற்றல் போட்ட வீடுகளுக்கு இது புது வித்தை இல்லை. ஒன்றுதான் வேறு. வற்றலுக்கு எண்ணெய்ச் சட்டி உண்டு. மலைமேல் கூடாரத்துக்கு முன்னால் வெந்நீர் மட்டுமே உண்டு. ஆகவே உப்பைக் குறைத்து, மெல்லிதாகச் சீவி, வீட்டிலேயே கிழங்கை முக்காலுக்கு மேல் வேகவைத்துவிட வேண்டும். பச்சையாகக் காயவைத்தால் கறுத்துப்போகும். சீவிய இடத்தில் காற்றுப் பட்டதும் கறுப்பை உண்டாக்கும் நொதியைக் கொதிநீர்தான் அடக்குகிறது. மாவுச்சத்தும் அப்போதே வெந்துவிடுவதால், பின்னால் சூடான நீர் பட்டதும் கிழங்கு சட்டென்று இளகுகிறது. இது சின்ன விஷயம் அல்ல. 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பச்சைக் கிழங்கு அதில் வேகுவதற்குள் அடுப்பின் எரிவாயு கரைந்துவிடும். வெந்து காய்ந்த கிழங்குக்கோ வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறினாலே போதும்.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். உலர்த்தும் பெட்டி வைத்திருப்பவர்கள் 55, 60 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை ஏற்றினால் மேல்பக்கம் இறுகிக்கொள்ளும். உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும், டப்பாவுக்குள் பூசணம் பூத்துவிடும். நன்றாகக் காய்ந்த வில்லையை வளைத்தால் டக்கென்று ஒடியும், வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உட்சுவரில் ஆவி படிந்தால் மறுபடி வெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

உருளைக்கிழங்கு பிறந்த ஆண்டிஸ் மலையில் இதை அடுப்பில்லாமலே செய்கிறார்கள். தீத்திகாக்கா ஏரியைச் சுற்றி, 3,800 மீட்டருக்கும் மேலே, ஜூன், ஜூலை மாதங்களில் இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். கிழங்கைத் தரையில் பரப்பி இரவில் உறையவிட்டு, பகலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். சில நாள் இப்படிச் செய்து வெயிலில் உலர்த்தினால் கூழாங்கல்போல ஆகிவிடும். அதற்குப் பெயர் சூன்யோ. பல ஆண்டு கெடாது. இன்கா அரசின் களஞ்சியங்களில் அது குவிந்திருந்தது. படைகள் அதைத் தின்று நடந்தன. பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அதைக் கொண்டுபோய் விற்றே பல ஸ்பானியர்கள் பணக்காரர்கள் ஆனதை ஸ்பானிய வரலாற்றெழுத்தாளர் சியேசா டி லியோன் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

சூன்யோ மூட்டையோடு மலைப்பாதையில் இறங்கிய அந்த மனிதர்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் கிழங்கிலிருந்து எடுத்தது பெரும்பாலும், போகிற இடத்தில் நிச்சயம் கிடைக்கும் ஒன்றைத்தான். மாவை விடவில்லை. ஓடையில் இருப்பதை ஓடையிடமே விட்டுவிட்டுப் போனார்கள். பயணத்தில் நம் சுமையில் பாதி, அங்கே என்ன கிடைக்குமோ என்ற பயத்தின் எடை. பயணத்தில் மட்டுமா? வேலை மாறும்போதும், ஊர் மாறும்போதும், வயதாகும்போதும், எதிரே வருவது நமக்கு ஒன்றும் தராது என்று எண்ணியே எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொள்கிறோம். எதைக் கைவிடக் கூடாது, எது வழியில் கிடைக்கும் என்று பிரித்தறிவதே எளிமை. எல்லாவற்றையும் துறப்பது அல்ல. காய்ந்த கிழங்கு முழு உணவு ஆவதற்கு முன்பின் பார்த்திராத ஓர் ஓடை வேண்டும். அந்த ஓடையை நம்பித்தான் வீட்டில் அடுப்பை மூட்டுகிறோம்.

நம்பிக்கை இருந்தால் கடமையும் இருக்கிறது. நமக்குப் பின்னால் இன்னொருவர் காய்ந்த உணவோடு அதே ஓடைக்கு வருவார். பாத்திரம் கழுவுவதையும் சோப்பையும் நீர்க்கரையிலிருந்து 200 அடியாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவோ கிழங்கை ஊறவைக்கவோ எடுக்கும் நீரை நன்றாகக் கொதிக்கவையுங்கள். மிச்சச் சோற்றையும் காலி உறைகளையும் ஓடையில் விடாமல் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். போகும்போது இருந்த எடை இப்போது அதில் இல்லை.