வட்டுக்கோட்டை ஆங்கிலம்

சென்னையை ஒட்டிய நாவலூரில் பேக்கரிக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சிறுசேரி சிப்காட்டில் வேலை தேடும் பையன்கள்தான் அதிகம். ஷிஃப்ட், லாகின், டெட்லைன் எல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் மேலே மின்விசிறியைப் பார்க்கிறார்கள். ஓ.எம்.ஆர். சாலை முழுக்க ஆங்கிலம் இறைந்து கிடக்கிறது. வேலைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டால் போதும் என்றாகிவிடுகிறது.

*

பக்கத்து ஃப்ளாட் பெண் ஆங்கிலம் கற்பிக்க தாய்லாந்து போகிறாள். பாங்காக்கா, வடகிழக்கில் ஏதாவது கிராமமா என்று யோசனை. "பாங்காக்னா தோசையாவது கிடைக்கும்" என்கிறார் அவள் அம்மா. நியாயமான பேச்சுதான்.

*

அவள் போவதைக் கேட்டதும் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் நினைவுக்கு வருகிறார்கள். டேனியல் பூவர் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார். சுற்றிலும் பனையும் வயலும். வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் காதில் விழாது. அதனால் பையன்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். வானியலும் கணிதமும்கூட ஆங்கிலத்தில். வெளியே வந்தால் வாத்தியாருக்கும் தமிழில்லாமல் பிழைப்பு ஓடாது. பூவர் தமிழில் பிரசங்கம் செய்தார். உடுவிலில் இருந்த இன்னொரு மிஷனரி வின்ஸ்லோவோ பிற்பாடு, 1862இல், சென்னையில் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியே வெளியிட்டார். கொழும்பில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு தமிழ் வந்திருக்குமா? சந்தேகம்தான்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. பூவரின் முதல் மனைவி சூசன் 1821இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். பூவரை 1855இல் மானிப்பாயில் காலரா கொண்டுபோனது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, கிராமத்துக்குப் போ என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலம் மாறிவிட்டது, சரி. தனிமை மாறியிருக்குமா?

*

செமினரியும் அதே 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த பையன்கள் மதப்பணிக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று மிஷனுக்கு வருத்தம். எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. மொழியைக் கொடுத்தபின் அதை வைத்து இன்னதுதான் செய்ய வேண்டும் என்றால் யார் கேட்பார்கள்?

சில வருடங்களிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள் இருவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம் பிள்ளை பிறகு பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அலைந்தார்; 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். மிஷன் கணக்கில் இது எந்தப் பத்தியிலும் வராத வரவு.