முறிந்த வாக்கும் மனிதரான வாக்கும்

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் எனக்கு முதன்முதலாகப் பங்குப் பொறுப்பு அளிக்கப்பட்டது. அவ்வூரில் நான் கொண்டாடிய முதல் கிறிஸ்து பிறப்பு விழா அது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, மக்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கூறிக் கலைந்துகொண்டிருந்தார்கள். குடிலின் அருகே நின்ற என்னிடம் ஒரு பெண்மணி தம் கணவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கணவர் கொத்தனார், தொழிலில் கைதேர்ந்தவர். ஆனால் வாரக் கூலியில் பாதிக்கு மேல் மதுவுக்கே போய்க்கொண்டிருந்தது. "இவர்கிட்ட ஒரு சத்தியம் வாங்குங்க சாமி. உங்க வார்த்தையைத் தட்டமாட்டாரு" என்றார் அப்பெண்மணி. நான் தயங்கவில்லை. குடிலில் கிடத்தியிருந்த குழந்தை இயேசுவின் பாதத்தில் அவருடைய கையை வைக்கச் சொல்லி, இனி மதுவைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கச் செய்தேன். அவர் அழுதார், மனைவியும் அழுதார். நல்லதொரு மேய்ப்புப்பணி செய்துவிட்ட நிறைவோடு நான் உறங்கச் சென்றேன்.

திருக்காட்சிப் பெருவிழா வருவதற்குள் அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் கோயில் பக்கமே வரவில்லை. ஒரு துக்க வீட்டில் அவரைத் தனியே சந்தித்தபோது காரணம் கேட்டேன். தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "குடிச்சதுக்காக இல்ல சாமி. குடிச்சிட்டு எத்தனையோ தடவை வந்து கடைசியில நின்னிருக்கேன். சேசு பாலன் காலைத் தொட்டு வாக்குக் குடுத்திட்டு முறிச்சிட்டேனே, அதுக்கப்புறம் எந்த முகத்தோட வர்றது?"

அந்த மறுமொழி இன்றளவும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. குடிப்பழக்கம் அவரைக் கோயிலிலிருந்து பிரிக்கவில்லை. நான் வாங்கிய வாக்கே பிரித்துவிட்டது. பாவிகளைத் தேடி வந்த குழந்தையை, ஒரு பாவி பார்க்க அஞ்சும் நீதிபதியாக நான் மாற்றிவிட்டேன். பலமுறை வாக்குக் கொடுத்துப் பலமுறை முறித்த மனிதருக்குக் கிறிஸ்து பிறப்பு விழா அளிக்கும் எதிர்நோக்குதான் என்ன என்னும் வினா அன்று என்னுள் எழுந்தது. ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் அவ்வினா திரும்பி வருகிறது.

பாவமா, நோயா?

குடிக்கு அடிமையானவரைப் பற்றி நம்மிடையே இருவகைத் தீர்ப்புகள் வழங்குகின்றன. "மனம் வைத்தால் விட்டுவிடலாம்; மனம்தான் இல்லை" என்பர் ஒரு சாரார். "அது ஒரு நோய்; அவரால் என்ன செய்ய முடியும்?" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றில் இரக்கம் இல்லை. பின்னவர் கூற்றில் பொறுப்புக்கு இடமில்லை.

மதுவுக்கு அடிமையாதலை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956 ஆம் ஆண்டிலேயே நோயாக ஏற்றுக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் அதற்கு இடமளித்துள்ளது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவரின் மூளையும் நரம்பு மண்டலமும் மதுவுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. அத்தகையவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள்களில் சித்தம் கலங்கி, உயிருக்கே ஆபத்து நேரிடவும் கூடும். ஆகவேதான் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இவற்றுள் எதையும் அறியாமலேயே, "இன்றோடு விட்டுவிடு" என்று நான் அக்கொத்தனாருக்குக் கட்டளையிட்டேன். அவர் மீண்டும் குடித்த முதல் நாள், கீழ்ப்படியாமையின் நாளா, உடல் தாங்காத நாளா என்பதை இன்று நான் உறுதியாகச் சொல்ல இயலாது.

திருச்சபையின் போதனை இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே நிற்கிறது. ஒரு செயலுக்கான பொறுப்பு, பழக்கத்தினாலும் அச்சத்தினாலும் கட்டுக்கடங்காத பற்றினாலும் குறையக்கூடும், சில வேளைகளில் இல்லாமலேயே போகவும் கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1735 ஆம் எண்ணில் கூறுகிறது. தாம் விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமல், வெறுக்கும் தீமையையே செய்வதாகப் புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் புலம்புகிறார். அடிமைத்தனத்தின் உளவியலை இதைவிடத் தெளிவாக யார் கூறிவிட முடியும்? எனினும் அவர் புலம்பலோடு நின்றுவிடவில்லை. தம்மை விடுவிப்பவர் யார் என்று கேட்டு, கிறிஸ்துவை நோக்கித் திரும்புகிறார். நீரிழிவு வந்ததற்காக ஒருவரைக் குற்றவாளி என்று நாம் தீர்ப்பிடுவதில்லை. ஆனால் மருத்துவரிடம் செல்வதும் உணவைக் கட்டுப்படுத்துவதும் அவருடைய பொறுப்பே என்கிறோம். குடிநோயாளியின் பொறுப்பும் இத்தகையதே. தனியே வெல்லும் ஆற்றல் அவரிடம் இல்லாதிருக்கலாம். உதவிக்குக் கை நீட்டும் உரிமையும் கடமையும் அவரிடம் எஞ்சியிருக்கின்றன.

இரு சாட்சிகள்

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் 1856 ஆம் ஆண்டு பிறந்தவர் மேட் டால்பட். பன்னிரண்டாம் வயதில் மது வணிகர்களிடம் வேலைக்குச் சேர்ந்தவர் அங்கேயே குடிக்கவும் கற்றுக்கொண்டார். இருபத்தெட்டாம் வயதில், 1884 இல், ஒரு குருவின் முன்னிலையில் மதுவிலக்கு வாக்கு அளித்தார். அவ்வாக்கு முதலில் மூன்று மாதங்களுக்கு மட்டுமே. பின்னரே அது நீண்டு, வாழ்நாள் வாக்காயிற்று. எளிய கூலித் தொழிலாளியாகவே வாழ்ந்து, 1925 ஜூன் 7 அன்று திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் குடிக்கவேயில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 இல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

இவ்வரலாற்றை நாம் மகிழ்ச்சியோடு மறையுரைகளில் சொல்கிறோம். ஆனால் மற்றொருவரும் இருக்கிறார். அவரைப் பற்றி நாம் அரிதாகவே பேசுகிறோம். சீன நாட்டின் ஹெபெய் மாநிலத்தைச் சேர்ந்த மாற்கு ஜி தியான்சியாங் ஒரு மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தவர். கடும் வயிற்று நோய்க்காக அபினை உட்கொள்ளத் தொடங்கி அதற்கு அடிமையானார். மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார். மீண்டும் மீண்டும் விழுந்தார். உண்மையான மனத்துயர் இல்லை என்று கருதிய குரு அவருக்குப் பாவமன்னிப்பு அளிக்க மறுத்துவிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அருட்சாதனங்களின்றி வாழ்ந்தார். ஆயினும் செபத்தையும் கோயிலையும் விட்டுவிடவில்லை. 1900 ஆம் ஆண்டு பாக்ஸர் கலகத்தின்போது குடும்பத்தோடு கைது செய்யப்பட்டார். தம் குடும்பத்தாருள் எவரும் தனியே சாகக் கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டு, அனைவருக்கும் துணைநின்று, மறைசாட்சியாக இறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 அக்டோபர் 1 அன்று புனிதராக உயர்த்திய 120 சீன மறைசாட்சியருள் இவரும் ஒருவர்.

இவர் அபினை வென்றதாக வரலாறு சொல்லவில்லை. எனவே, எதிர்நோக்கு என்பது வெற்றி பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய பரிசு என்றால், டால்பட்டுக்கு அதில் பங்கு உண்டு, மாற்குவுக்கு இல்லை. ஆனால் திருச்சபை மாற்குவையும் பீடத்தில் ஏற்றியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் தோற்றுக்கொண்டே ஆண்டவரை விட்டு விலகாதிருந்தது ஒரு பேருண்மையைக் காட்டுகிறது. கிறிஸ்து பிறப்பு விழா நமக்குத் தரும் பெயர் இம்மானுவேல். கடவுள் நம்மோடு என்பது அதன் பொருள். நாம் வென்றபின் நம்மிடம் வருகிறார் என்று அப்பெயர் சொல்லவில்லை. போராட்டத்தின் நடுவிலேயே நம்மோடு இருக்கிறார் என்கிறது.

அப்படியானால் முயற்சியே வேண்டாமா என்று சிலர் வினவக்கூடும். கடவுள் உடன் இருக்கிறார் என்பதனாலேயே விழுந்தவர் எழ முடிகிறது. தம்மை எல்லாரும் கைவிட்டார்கள் என்று எண்ணுகிறவர் எழுந்து என்ன பயன்?

தெரியாமல் தரும் மருந்து

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்னும் விளம்பரங்களைச் சுவர்களிலும் நாளிதழ்களிலும் காண்கிறோம். வேதனை தாங்காத மனைவியரும் அன்னையரும் அதை நம்பி, உணவிலோ குழம்பிலோ எதையோ கலந்து கொடுக்கிறார்கள். அவர்களுடைய துயரம் எனக்குப் புரிகிறது. ஆயினும், மதுவோடு சேர்ந்தால் கடும் பாதிப்பை உண்டாக்கும் மாத்திரைகளும் உண்டு. நோயாளி அறியாமல் அவற்றைக் கொடுப்பது உயிருக்கே கேடாகலாம்.

இதில் ஆழ்ந்த ஓர் ஆன்மிக உண்மையும் அடங்கியிருக்கிறது. உலகை மீட்க வந்த கடவுள் மரியாவுக்குத் தெரியாமல் அவர் உதரத்தில் குடிபுகவில்லை. தூதரை அனுப்பினார், செய்தியை அறிவித்தார், அவர் வினவியபோது விடையளித்தார், அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தார். ஓர் எளிய நாசரேத்துப் பெண்ணின் விடுதலையுணர்வைக் கடவுளே அவ்வளவு மதித்தார் என்றால், குடிநோயாளியின் சம்மதத்தை நாம் கடந்து செல்லலாகுமா? அன்று குடிலின் முன் நான் வாங்கிய வாக்கும் ஒருவகையில் இத்தகையதே. நள்ளிரவில், மனைவியும் ஊரும் பார்த்திருக்க, குருவின் கட்டளைக்கு அஞ்சி அவர் உதடுகள் உச்சரித்தன. அவருடைய உள்ளத்தை நான் கேட்கவேயில்லை.

குழந்தையாக வரும் எதிர்நோக்கு

1935 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் நலிந்த பில் வில்சன் என்னும் பங்குச்சந்தைத் தொழிலரும் இராபர்ட் ஸ்மித் என்னும் மருத்துவரும் சந்தித்தனர். அச்சந்திப்பிலிருந்தே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் பிறந்தது. 1939 முதல் அதே நகரிலிருந்த புனித தோமையார் மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியா அவர்களுடன் இணைந்து குடிநோயாளிகளுக்குத் தொண்டாற்றினார். மதுவின் முன் தாம் ஆற்றலற்றவர் என்று ஒப்புக்கொள்வதே அவ்வியக்கத்தின் முதற்படி. வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று அங்கே எவரும் சபதம் செய்யும்படி கேட்கப்படுவதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருப்போம் என்பதே அவர்களின் தீர்மானம்.

அன்றாட உணவை இன்று தாரும் என்று வேண்டக் கற்பித்தவரின் சீடர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாகாது. பெத்லகேமில் மீட்பு வளர்ந்த மனிதராக, படைகளோடு வரவில்லை. கந்தைத் துணியில் பொதிந்த குழந்தையாக வந்தது. குழந்தைக்கு அன்றன்று பால் வேண்டும். ஓர் ஆண்டுக்குரிய பாலை ஒரே நாளில் ஊட்ட முடியாது. நடை பழகும்போது அது விழும். விழுந்ததற்காக எந்தத் தாயும் நடப்பதையே தடுத்துவிடுவதில்லை. நாசரேத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எவரும் அறியாமல் அக்குழந்தை வளர்ந்தது. மீண்டு வருபவரின் புதுவாழ்வும் அவ்வாறே சிறியது, மெல்லியது, பாதுகாக்கப்பட வேண்டியது.

தமிழில் வாக்கு என்னும் சொல்லுக்கு உறுதிமொழி என்றும் பொருள் உண்டு. வார்த்தை என்றும் பொருள் உண்டு. வாக்கானவர் மனிதரானார் என்பது, கிறிஸ்து பிறப்பு விழாவின் பகல் திருப்பலியில் நாம் கேட்கும் யோவான் நற்செய்தியின் மையம். நம் வாக்குகள் முறிகின்றன. கடவுளின் வாக்கோ முறியாமல், முறிந்தவர்களின் நடுவே வந்து குடிகொண்டது. நாம் நம்பியிருக்க வேண்டியது நாம் அவருக்குக் கொடுத்த வாக்கையா, அவர் நமக்குக் கொடுத்த வாக்கையா?

யோசேப்பின் முன்மதி

இங்கே குடும்பத்தாரை மறந்துவிடலாகாது. எதிர்நோக்கோடு இரு என்று சொல்லி, அடிபடும் மனைவியை அடியைப் பொறுத்துக்கொள்ளச் செய்வது நற்செய்தியாகாது. ஏரோதின் கையில் குழந்தைக்கு ஆபத்து என்று அறிந்ததும் யோசேப்பு இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டார். அது நம்பிக்கைக் குறைவன்று, கடவுளுக்குக் கீழ்ப்படிதலே. பிள்ளைகளைக் காக்கத் தாய்வீடு செல்லும் மனைவியும் எதிர்நோக்கை இழந்தவரல்லர். மன்னிப்பை உடனே அளிக்கலாம். நம்பகத்தையோ நாள்பட நடந்து காட்டித்தான் பெற வேண்டும். கூலிப் பணத்தை மனைவி தம் கையில் வைத்துக்கொள்வதைப் பழிவாங்கல் என்று எவரும் எண்ண வேண்டாம்.

விடுதியில் இடம்

அக்கொத்தனார் பின்னர் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து இருமுறை விழுந்தார். இருமுறையும் தாமே மையத்துக்குத் திரும்பிச் சென்றார். மூன்றாம் முறை வந்தபின் வந்த கிறிஸ்து பிறப்பு விழாவில், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். நான் வாக்கு எதுவும் கேட்கவில்லை. அவர்தாம் கேட்டார்: "சாமி, இன்னிக்கு ராத்திரி மட்டும் கோயில் திண்ணையில இருந்துக்கட்டுமா? தெருவுல எல்லா வீட்டுலயும் ஊத்துறாங்க. வேண்டாம்னா விடமாட்டேங்கிறாங்க."

அன்றுதான் என் கண்கள் திறந்தன. பிறந்த மீட்பருக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா எழுதியதை வாசித்துவிட்டு, நாம் நடத்தும் விழாவில், மீண்டு வரும் மனிதருக்கு இடமில்லாமற் போயிருக்கிறது! "திருநாளாயிற்றே, ஒரு கோப்பைதானே" என்று நாம் அன்போடு வற்புறுத்துவது அவருடைய பல மாதப் போராட்டத்தை ஒரே இரவில் அழித்துவிடும். நற்கருணையில் அப்பத்தின் வடிவில் மட்டுமே பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகிறோம் என்று திருச்சபை கற்பிக்கிறது. குடிநோயால் பாதிக்கப்பட்ட குருக்கள், முறையான அனுமதியோடு, நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தவும் அது இடமளிக்கிறது. பீடத்திலேயே இவ்வளவு பரிவு காட்டப்படும்போது, நம் வீட்டுப் பந்தியில் காட்டக் கூடாதா?

அன்றிரவு நானும் அவரும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். என் சமையற்காரர் இரண்டு முறை தேநீர் போட்டுக் கொடுத்தார். பேசியது சிறிதே. விடியற்காலையில் அவர் எழுந்து, குடிலுக்குச் சென்று, சற்று நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினார். அவ்வாண்டு முதல் நான் பணியாற்றும் ஒவ்வொரு பங்கிலும் கிறிஸ்து பிறப்பு இரவில் பங்குமன்றத்தின் கதவு விடியும்வரை திறந்திருக்கிறது. விளக்கும் தேநீரும் உண்டு. வருகிறவர்கள் சிலரே. உங்கள் பங்கிலும் ஓர் அறையைத் திறந்து வைக்க இயலுமா என்று உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். அவர் தயங்கினால், உங்கள் வீட்டுத் திண்ணையாவது திறந்திருக்கட்டும்.