துடைப்பம் யார் கையில்?

எழுமலையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒருநாள் மோட்டார் செய்தோம். ஒரு பேட்டரி, ஒரு காந்தம், ரெண்டு ஊக்கு, எனாமல் பூசின செம்புக்கம்பி. பிள்ளைகள் சுற்றிய சுருள்கள் ஒரு ஆட்டு ஆடி நின்றுபோயின. ஒரு பையனுடையது மட்டும் நிற்காமல் சுற்றியது.

"எப்படிடா?"

"முழுசாச் சொரண்டுனா பாதிச் சுத்துல திருப்பி இழுக்குதுண்ணே. அதான் ஒரு முனையில ஒரு பக்கம் மட்டும் சொரண்டுனேன்."

நான் சொல்லித் தராதது இது.

வகுப்பு முடிந்ததும் தரையெல்லாம் கம்பித்துண்டு. "நீதான் நல்லாக் கூட்டுவியே, கூட்டிரு" என்று அவனிடமே சொன்னேன். அவன் அம்மா தெருக்கூட்டும் வேலை பார்ப்பவர். மறுநாள் அவன் வரவில்லை. நானும் சேரியில் பிறந்தவன்தான். சாதி ஒழிப்பு மேடைகளில் பேசும் என் வாயில்தான் அந்தச் சொல் வந்தது.

கையால் செய்து கற்பதை இன்று எல்லோரும் போற்றுகிறார்கள். 2022இல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அதைத்தான் தர முயல்கிறது. நல்லது. ஆனால் கைவேலை என்றதும் நமக்கு 1953 நினைவுக்கு வரவேண்டும். ராஜாஜியின் திட்டம் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகவேண்டும். குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது.

அதற்காகக் கையை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் பிடிப்பதா? கைக்கும் மூளைக்கும் நடுவே கோடு கிழித்ததே சாதிதானே. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்தது என்று அம்பேத்கர் 1936இலேயே காட்டினார். சாதித் தொழிலில் கை கேள்வி கேட்கக்கூடாது. கண்டுபிடிக்கும் கை, ஏன் என்று கேட்கும், தப்புப் பண்ணும், பிரித்துப்போட்டு மறுபடி செய்யும். அப்படிக் கேட்ட கையிலேயே பிறப்பைப் பார்த்துத் துடைப்பத்தைத் திணித்தால், நாம் நடத்துவதும் குலக்கல்விதான்.

அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா சொன்னார்: "கூட்டுறது தப்பில்ல தம்பி. இவன மட்டும் கூட்டச் சொன்னீகளே, அதான்."

இப்போது கூட்டுவதற்கு முறை வைத்திருக்கிறோம். முதல் முறை என்னுடையது. பையன் திரும்பி வந்துவிட்டான். முறை வந்த அன்று ஊர்த்தெருப் பிள்ளைகள் ரெண்டுபேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் போவேன். முறையை மட்டும் மாற்றமாட்டேன்.