சட்டம் விலகிய இடத்தில்



கனடாவில் 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி முதல் வயது வந்தோர் கஞ்சா வைத்திருப்பது குற்றமல்ல. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர் பொது இடத்தில் 30 கிராம் வரை காய்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். "அரசாங்கமே அனுமதித்த பிறகு பிள்ளைகளை எப்படித் தடுப்பது?" என்பது பெற்றோரின் கவலை.

தடையை நீக்கக் கோரியவர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். தடை இருந்த காலத்திலும் கஞ்சா கிடைத்தது; களவாக விற்றவன் வயது கேட்கவில்லை. சிறிதளவுடன் பிடிபட்ட இளைஞனுக்கோ குற்றப் பதிவு ஏற்பட்டு, வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் இடையூறாயிற்று. ஒரு தவறுக்கு இவ்வளவு தண்டனை தருமமாகுமா?

ஆனால் சட்டம் தண்டிக்காதவை எல்லாம் நல்லவை ஆகிவிடா. பொய் சொன்னால் பொலிஸ் வருவதில்லை. அது தவறென்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம்! வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் அரச தண்டனையைக் காட்டி அவர் அச்சுறுத்தவில்லை. பெற்ற தாயின் முகத்தையே நினைவூட்டுகிறார்.

முன்பு "பொலிஸ் பிடிக்கும்" என்று சொல்லி நமது வேலையை முடித்துக்கொண்டோம். இனிக் காரணம் சொல்ல வேண்டும். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. அதற்குமுன் கஞ்சா பழகினால் நினைவாற்றலும் மனநலமும் பாதிக்கப்படலாம்.

காரணம் சொன்ன பிறகும் ஒரு பிள்ளை தவறலாம். "ஊர் என்ன சொல்லும்" என்று அதை மூடி மறைப்போமா? அல்லது அந்தப் பிள்ளை முதலில் நம்மிடமே வந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீட்டை வைத்திருக்கிறோமா? சிந்திப்போமாக.