துணை நின்ற வெற்றி

இந்தோனேசியாவின் கிரேசியா பொலீ, மகளிர் இரட்டையர் பேட்மின்டனில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், அடுத்த சுற்றில் எளிய எதிரணி அமைய வேண்டுமென்று முழு முயற்சியின்றி ஆடியதாக நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. கிரேசியாவின் ஜோடியும் அவற்றுள் ஒன்று.

2014இல் நித்யா கிரிஷிந்தா மகேஸ்வரியுடன் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்று மீண்டார். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் தோல்வி. நித்யா காயமுற்றபின், 2017இல் பத்து வயதுக்கும் மேல் இளையவரான அப்ரியானி ரஹாயுவுடன் இணைந்தார்.

இருவரும் ஆடிய டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டம் 2021 ஆகஸ்ட் 2 அன்று நடந்தது. இறகுப்பந்து பறந்துகொண்டிருக்கும்போதே கிரேசியாவின் ராக்கெட் நரம்பு அறுந்தது. அவர் ஓரத்துக்கு ஓடி வேறு ராக்கெட் எடுத்துவரும்வரை அப்ரியானி தனியாகக் களம் காத்தார். அந்தப் புள்ளியும் அவர்களுக்கே கிடைத்தது. சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் இணையை 21-19, 21-15 என வீழ்த்தினர். மகளிர் இரட்டையரில் இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2022இல் கிரேசியா ஓய்வு பெற்றார்.

ஒருவர் கை வெறுமையாகும் கணத்தில் மற்றவர் தாங்குவதே இரட்டையர் ஆட்டம்.